மாணவர் குறும்படத்துக்குச் சென்னையை டைம்லாப்ஸ் எடுப்பது எப்படி

டைம்லாப்ஸ் என்பது சில விநாடிக்கு ஒருமுறை ஒரு ஸ்டில் படம் எடுத்து, அவற்றை வரிசையாக வேகமாக ஓட்டி வீடியோவாகக் காட்டுவது. குறும்படத்தில் ஒரு நகர டைம்லாப்ஸ் திரையில் நிற்பது நான்கு விநாடி, மிஞ்சிப்போனால் ஆறு. அந்த ஆறு விநாடிக்காக மொட்டை மாடியில் கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை நிற்க வேண்டிவரும். புதியவர்கள் சொதப்புவது பெரும்பாலும் கேமரா தெரியாததால் அல்ல. ஃப்ரேமில் எது ஓட வேண்டும், எது அசையாமல் நிற்க வேண்டும் என்று முடிவுசெய்யாமல் இடத்துக்குப் போய்விடுவதால்தான். அந்த முடிவு வந்துவிட்டால் இடைவெளி (எத்தனை விநாடிக்கு ஒரு படம்), ஷட்டர் (ஒரு படத்துக்கு அது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது), நேரம் எல்லாம் அதிலிருந்தே கணக்காக வந்துவிடும்.

இங்கே சொல்லும் உதாரணங்கள் சென்னையை வைத்து. கணக்கு எந்த ஊருக்கும் ஒன்றுதான். வெயில், கடற்காற்று, அனுமதி மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

முதலில் ஸ்கிரிப்ட்

இந்த ஷாட் படத்தில் என்ன வேலை செய்கிறது? பொழுது போனதைக் காட்டவா, ஊரின் பரபரப்பைக் காட்டவா, கூட்டத்தில் ஒருவன் தனியாக நிற்பதைக் காட்டவா? மூன்றும் வேறு வேறு ஷாட்.

பொழுது போனதைக் காட்ட வேண்டுமென்றால் வெளிச்சம் மாறியாக வேண்டும்: நிழல் நகர வேண்டும், வானம் நிறம் மாற வேண்டும், ஜன்னல்களில் விளக்கு எரிய வேண்டும். உச்சிவெயிலில் அண்ணா சாலை வண்டிகளைப் பத்து நிமிடம் எடுத்தால் பரபரப்பு கிடைக்கும், பொழுது நகராது. மாணவர் படங்களில் அதிகம் தென்படும் பிழை இதுதான்: "மாலையாகிவிட்டது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நண்பகல் டிராஃபிக் ஓடும்.

கன்டின்யூட்டியையும், அதாவது முன்பின் காட்சிகளோடு பொருந்துகிறதா என்பதையும், இங்கேயே பாருங்கள். அடுத்த காட்சி காலை ஏழு மணி என்றால், டைம்லாப்ஸில் நிழல்கள் மேற்கு நோக்கி நீண்டிருக்க வேண்டும். நடிகர்களை வைத்து எடுத்த காட்சி மேகமூட்டத்தில் இருந்தால், பளிச்சென்ற நீல வானம் அதோடு ஒட்டாது. ஐந்து, பத்து நிமிடப் படத்துக்கு ஒன்று அல்லது இரண்டு டைம்லாப்ஸ் போதும். எட்டு எடுத்தால் எட்டும் அரைகுறையாக வரும்.

கணக்கு

குறும்படம் எந்த ஃப்ரேம் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) எடிட் ஆகிறது என்று எடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: 24 அல்லது 25. கீழே 25 என்று வைத்துக்கொள்கிறோம்.

திரையில் வேண்டிய விநாடியை 25-ஆல் பெருக்கினால் எத்தனை ஸ்டில் படம் எடுக்க வேண்டும் என்று தெரியும். அதை இடைவெளியால் பெருக்கினால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியும். திரையில் ஐந்து விநாடி வேண்டுமென்றாலும் பத்து விநாடிக்கு எடுங்கள். முன்னும் பின்னும் வெட்ட இடம் வேண்டும். 10 விநாடி என்றால் 250 படம். 4 விநாடிக்கு ஒரு படம் என்றால் 1000 விநாடி, அதாவது 16 நிமிடம் 40 விநாடி.

இடைவெளியைத் தீர்மானிப்பது ஃப்ரேமில் ஓடும் பொருள்:

சாலை வாகனங்கள், நடைபாதைக் கூட்டம்: 1 முதல் 2 விநாடி.
வேகமாக ஓடும் மேகம்: 2 முதல் 3 விநாடி. மெதுவான மேகம்: 5 முதல் 8 விநாடி.
சூரிய உதயம், மறைவு: 5 அல்லது 6 விநாடி.
கட்டடங்களின் நிழல் நகர்வது: 15 முதல் 30 விநாடி.

ஒரே ஃப்ரேமில் மேகமும் வண்டிகளும் இருந்தால் வேகமாக ஓடுவதற்கு ஏற்ற சிறிய இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். படம் அதிகமாக இருந்தால் எடிட்டில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துவிடலாம். குறைவாக இருந்தால் செய்ய வழியில்லை.

சிக்னல் உள்ள சந்திப்பை எடுக்கும்போது இன்னொரு கணக்கும் உண்டு. சிக்னல் ஒருமுறை முழுதாகச் சுற்றிவர எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் அளந்துகொள்ளுங்கள். 120 விநாடி என்று வைத்துக்கொண்டால், 2 விநாடி இடைவெளியில் அது 60 படம்; திரையில் 2.4 விநாடிக்கு ஒருமுறை வண்டிகள் நின்று பாயும். ஐந்து விநாடி ஷாட்டில் இரண்டு முறை அந்தத் துடிப்பு தெரியும், பார்க்க நன்றாக இருக்கும். 5 விநாடி இடைவெளியில் எடுத்தால் ஒரு சுற்று ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும்; வண்டிகள் தோன்றி மறைவதுபோல் கண் கூசும்.

ரயில் விஷயத்தில் டைம்லாப்ஸ் கைகொடுக்காது. புறநகர் ரயிலோ மெட்ரோவோ ஃப்ரேமை 20 விநாடியில் கடந்துவிடும். 1 விநாடி இடைவெளியிலும் அது 20 படம்தான், திரையில் ஒரு விநாடிகூட வராது. அதற்கு சாதாரண வீடியோவாக எடுத்து எடிட்டில் நான்கு அல்லது எட்டு மடங்கு வேகப்படுத்துங்கள்.

இடமும் சூரியனும்

சென்னையில் கடல் கிழக்கே. மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ கடலைப் பார்த்து நின்றால் உதயம் மட்டுமே. சூரியன் மறைவது ஊருக்குப் பின்னால். ஆகவே மாலை ஷாட்டுக்கு மேற்கே திறந்த மாடி வேண்டும். உதய நேரம் வருடம் முழுக்க ஏறக்குறைய 5.40-க்கும் 6.35-க்கும் இடையில் நகரும், மறைவு 5.40-க்கும் 6.40-க்கும் இடையில்.

அதைவிட முக்கியம், சூரியன் இறங்கும் இடமும் நகரும். ஜூன் மாதம் நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 24 டிகிரி தள்ளி மறையும். டிசம்பரில் தெற்கே அதே அளவு. ஆகஸ்டில் ரெக்கி (இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்ப்பது) பார்த்துவிட்டு டிசம்பரில் எடுக்கப் போனால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் இறங்குவதாகப் பார்த்து வைத்த சூரியன் ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும். படப்பிடிப்புக்கு ஒரு வாரத்துக்குள் ரெக்கி போங்கள். முடியாவிட்டால் சூரியப் பாதை காட்டும் ஆப் ஒன்றில் தேதியை மாற்றிப் பாருங்கள். நிழல் ஷாட் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் சென்னையில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் இருக்கும். அப்போது நிழல் காலடியிலேயே கிடக்கும்.

வானத்துக்கு நல்ல மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை விட்ட மறுநாள். புழுதி அடங்கி, தூரத்துக் கட்டடம்கூடத் துல்லியமாகத் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் மேற்கே இடிமேகம் கோபுரமாக எழும். கடற்காற்று வீசத் தொடங்கியபின் மேகம் நகரும் விதமே மாறிவிடும். போகிப் பண்டிகை விடியலைத் தவிர்த்துவிடுங்கள். புகையில் எதிர்மாடிகூடத் தெரியாது (புகையைத்தான் காட்ட வேண்டும் என்றால் அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை).

இனி இடங்கள். 2008-இல் திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலம் மேலிருந்து பார்க்க அழகு. ஆனால் பாலத்தின் மேல் நின்று எடுக்க முடியாது, சுற்றியுள்ள உயரமான கட்டடம் ஒன்றின் மாடி வேண்டும். மெரினா கலங்கரை விளக்கத்தின் பார்வை மாடத்திலிருந்து கடற்கரை முழுதும் தெரியும். பார்வையாளர் நேரம் பகலில்தான், எனவே உதயத்துக்கும் இரவுக்கும் அது உதவாது. பரங்கிமலையிலிருந்து ஊர் விரிந்து தெரியும். விமான நிலையமும் தெரியும் என்பதால் ஓடுதளத்தை ஃப்ரேமில் வைக்காதீர்கள். தி.நகரில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023-இல் திறந்தது; அங்கே நடந்து பார்த்தால் கூட்டத்தை மேலிருந்து பார்க்கும் கோணம் பிடிபடும். நேப்பியர் பாலத்தில் இரவு வண்ண விளக்குகள். அதில் ஒரு சிக்கல் உண்டு, கோளாறுகள் பகுதியில் வருகிறது.

கோட்டை, தீவுத்திடல், துறைமுகம் பக்கம் ராணுவ, கடற்படை வளாகங்கள் உள்ளன. அந்தத் திசையில் கேமராவைத் திருப்பி ஒரு மணி நேரம் நின்றால் யாராவது வந்து கேட்பார்கள். ட்ரோன் எண்ணம் இருந்தால் முதலில் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைத் தட்டிப் பாருங்கள். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால் நகரின் பெரும்பகுதியில் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. கத்திப்பாராவில் ட்ரோன் என்ற ஆசையை விட்டுவிடலாம்.

அனுமதி

கல்லூரி லெட்டர்பேடில் துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதம்: படத்தின் பெயர், எடுக்கும் தேதி, நேரம், இடம், உடன் வருபவர்கள் பெயர், "வணிக நோக்கம் இல்லை" என்ற வரி. நான்கு நகல். ஒன்று கட்டட உரிமையாளருக்கு, ஒன்று அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு, இரண்டு கையில். அடையாள அட்டை கழுத்தில். ரயில் நிலையம், மெட்ரோ நிலையம் உள்ளே எடுக்க அந்தந்த நிர்வாகத்திடம் தனியாக எழுத்து அனுமதி வாங்க வேண்டும். கல்லூரிக் கடிதம் அங்கே செல்லாது.

மாடிக்கு உரிமையாளர் சரி சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். மாடிக் கதவின் சாவி யாரிடம், எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். பகல் இரவாகும் ஷாட்டின் நடுவில் ஏழு மணிக்கு "கிளம்புங்க தம்பி, கதவு பூட்டணும்" என்று அவர் வந்து நின்றால் செய்ய ஒன்றும் இல்லை.

பையில் என்ன

மேனுவல் மோடு உள்ள எந்த டிஎஸ்எல்ஆரும் மிரர்லெஸ்ஸும் போதும். பல நிக்கான், சோனி கேமராக்களில் இன்டர்வெல் ஷூட்டிங் (இடைவெளி விட்டுத் தானே படம் எடுப்பது) மெனுவிலேயே இருக்கிறது. கல்லூரிகளில் அதிகம் புழங்கும் கேனான் 1500டி-யில் அது இல்லை. வெளியே பொருத்தும் இன்டர்வலோமீட்டர் ரிமோட் வேண்டும். அதை வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ கேபிளின் முனை உங்கள் கேமராவில் நுழைகிறதா என்று கடையிலேயே செருகி, இருபது படம் ஓடவிட்டுப் பாருங்கள். 1500டி-க்கு 2.5 மில்லிமீட்டர் பின். கேனானின் பெரிய மாடல்களுக்கு வேறு முனை. வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் கடைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு மாற்றுக் கேபிள் யாரும் தர மாட்டார்கள்.

கனமான டிரைபாட். முழு சார்ஜில் மூன்று பேட்டரி, அல்லது பவர் பேங்கில் ஓடும் டம்மி பேட்டரி. 64 ஜிபி கார்டு இரண்டு: 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் படம்) ஒன்று 25 முதல் 30 எம்பி வரை வரும், 300 படத்துக்கு 8, 9 ஜிபி போய்விடும். என்டி 64, என்டி 1000 ஃபில்டர்கள் (லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; எண் கூடினால் இருட்டு கூடும்). வளைய அளவு லென்ஸ் மூடியின் உட்புறம் எழுதியிருக்கும். கேனான் 18-55 கிட் லென்ஸுக்கு 58 மில்லிமீட்டர். விலை மலிவான வேரியபிள் என்டி வேண்டாம். அகலக் கோண லென்ஸில் அதிகம் திருகினால் வானத்தில் குறுக்காகக் கறுப்புப் பட்டை விழும். இவை போக இன்சுலேஷன் டேப், லென்ஸ் துணி, பெரிய பிளாஸ்டிக் கவர், குடை, தண்ணீர், உட்கார ஏதாவது.

இடத்தில் செய்ய வேண்டியவை, வரிசையாக

1. ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். சென்னை ஈரப்பதத்தில் குளிர்ந்த கண்ணாடியின் மேல் உடனே பனி படியும். ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வையுங்கள். விடியல் ஷாட்டுக்கு முந்தைய இரவே பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுவது நல்லது.

2. டிரைபாட் கால்களை விரித்து, நடுத்தண்டை உயர்த்தாமல் வையுங்கள். பையை நடுக் கொக்கியில் மாட்டுங்கள், ஆனால் அதன் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஆடி டிரைபாடையும் ஆட்டும். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்காதீர்கள், கீழே ஆள் நடமாட்டம் இருக்கிறது.

3. நடை மேம்பாலத்தில் நின்றால் இரண்டு தூண்களுக்கு நடுவில் நிற்காமல் தூணுக்கு நேர் மேலே நில்லுங்கள். நடுப்பகுதி ஆட்கள் நடக்கும்போதெல்லாம் அதிரும். கடற்கரை மணலில் ஒவ்வொரு காலின் அடியிலும் உள்ளங்கை அளவு பிளைவுட் துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் இருபது நிமிடத்தில் தொடுவானம் சாய்ந்திருக்கும்.

4. ஃப்ரேம் வைக்கும்போது மேலும் கீழும் கொஞ்சம் விட்டு வையுங்கள். கேமரா எடுப்பது 3:2 விகிதம், குறும்படம் 16:9. 6000 × 4000 பிக்சலில் 6000 × 3375 மட்டுமே மிஞ்சும்.

5. ஃபோகஸ். லைவ் வியூவைப் பெரிதாக்கி, தூரத்துக் கட்டட விளிம்பில் ஃபோகஸ் செய்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, வளையத்தில் டேப் ஒட்டுங்கள். என்டி ஃபில்டர் போடுவது இதற்குப் பிறகுதான். என்டி 1000 போட்டபின் ஃபோகஸ் பார்க்க முடியாது.

6. எல்லா ஆட்டோவையும் அணைக்க வேண்டும்: ஆட்டோ ஐஎஸ்ஓ (ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் ஒளி உணர்திறன்), ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்; 5200 கெல்வினில் நிறுத்துங்கள்), லென்ஸ் ஸ்டெபிலைசர், ஆட்டோ பவர் ஆஃப், படம் எடுத்ததும் திரையில் காட்டும் ரிவ்யூ, நீள எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன். கடைசியாகச் சொன்னது ஒன்று மட்டும் மறந்தாலும் ஷாட் போச்சு. 2 விநாடி எக்ஸ்போஷருக்குப் பின் கேமரா இன்னொரு 2 விநாடி தனக்குள் வேலை செய்யும், அதற்குள் அடுத்த படத்தின் நேரம் தாண்டிவிடும்.

7. எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) ஹிஸ்டோகிராம் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) பார்த்து வையுங்கள். மேகம் கலைந்து வெயில் வரும் நாளில், வெயில் வந்த நொடியைக் கணக்கில் எடுத்து ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் பாதி) குறைத்தே வையுங்கள். ரா ஃபைலில் இருட்டைத் தூக்கலாம், வெளுத்துப்போன மேகத்தை மீட்க முடியாது.

8. இருபது படம் சோதனை. திரையில் வேகமாகப் புரட்டிப் பாருங்கள்: ஃப்ரேம் ஆடுகிறதா, வெளிச்சம் துள்ளுகிறதா, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா. பிறகுதான் உண்மையான ஓட்டம். தொடங்கிய பின் கேமராவைத் தொடாதீர்கள், பக்கத்தில் குதித்து நடக்காதீர்கள்.

ஷட்டர் வேகம்

பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிது), ஷட்டர் 1/400 விநாடி என்று எடுத்தால் ஒவ்வொரு வண்டியும் உறைந்து நிற்கும். ஓட்டிப் பார்க்கும்போது அவை ஓடாது, இடம்விட்டு இடம் தாவும். இடைவெளியில் ஏறக்குறைய பாதி நேரம் ஷட்டர் திறந்திருந்தால் அசைவு மழுங்கி, ஓட்டம் வழுவழுப்பாக வரும். 2 விநாடி இடைவெளிக்கு 1 விநாடி ஷட்டர். அரை விநாடி இருந்தாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நல்ல வெயிலில் என்டி 64 போட்டு எஃப் 11 வைத்தால் ஏறக்குறைய 1/3 விநாடி கிடைக்கும். என்டி 1000 போட்டு எஃப் 5.6 வைத்தால் 1.2 விநாடி. எஃப் 16, 22 என்று மூடிக்கொண்டே போய் ஃபில்டர் இல்லாமல் சமாளிக்கப் பார்க்காதீர்கள். படம் மென்மையாகிவிடும், சென்சாரில் உள்ள ஒவ்வொரு தூசியும் வானத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இரவில் ஃபில்டர் வேண்டாம். விளக்கு நிறைந்த சாலைக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, 1 விநாடி என்று தொடங்கித் திருத்திக்கொள்ளுங்கள்.

நீள எக்ஸ்போஷர் கூட்டத்திலும் உதவும். ரங்கநாதன் தெரு மாதிரி இடத்தில் அரை விநாடி ஷட்டரில் மனிதர்கள் ஆறுபோல ஓடுவார்கள், கேமராவை முறைத்துப் பார்த்த முகம் எதுவும் தெரியாது. நடுவில் உங்கள் நடிகர் நிற்க வேண்டிய ஷாட் என்றால், அவர் ஐந்தாறு நிமிடம் சிலையாக நிற்க வேண்டும். மூச்சு பரவாயில்லை, தலை திரும்பக் கூடாது. சுவரிலோ கம்பத்திலோ சாய்ந்து நிற்கவிடுங்கள். கால் ஓயாது, உடம்பும் ஆடாது.

பகல் இரவாகும் ஷாட்

எல்லாருக்கும் ஆசை இதில்தான், அதிகம் கெடுவதும் இதுதான். சென்னை அட்சரேகையில் அந்திப்பொழுது குறுகியது. சூரியன் மறைந்தபின் நீல வானமும் சாலை விளக்கும் சமமாக நிற்கும் நேரம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வெளிச்சம் மூன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் விழும்.

மறைவுக்கு 30 நிமிடம் முன் தொடங்கி 45 நிமிடம் பின்வரை எடுங்கள். 75 நிமிடம், 6 விநாடி இடைவெளி, 750 படம், திரையில் 30 விநாடி. அதில் நல்ல எட்டு விநாடியை எடுத்துக்கொள்ளலாம், அல்லது முழுதையும் வேகப்படுத்தலாம். என்டி போடாமலே தொடங்குங்கள். நடுவில் கழற்றினால் ஃப்ரேம் நகர்ந்துவிடும்.

அப்பர்ச்சரைத் தொடாதீர்கள். ஹிஸ்டோகிராம் இடப்பக்கம் நகர நகர ஷட்டரை மூன்றில் ஒரு ஸ்டாப் மெதுவாக்குங்கள். மறைவுக்கு முன் சில நிமிடத்துக்கு ஒருமுறை, மறைந்தபின் நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரு படம் எடுத்து முடிந்த உடனே, இரண்டு விரலால் சக்கரத்தைத் திருப்பிக் கையை எடுத்துவிடுங்கள். ஷட்டர் 4 விநாடியைத் தொட்டதும் அங்கேயே நிறுத்தி, பிறகு ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். 6 விநாடி இடைவெளியில் 4-க்கு மேல் போனால் கார்டில் எழுத நேரம் போதாது.

இப்படி எடுத்த படங்கள் படிப்படியாகத் துள்ளும். அதை வழவழப்பாக்குவதற்கென்றே உள்ள மென்பொருள் எல்ஆர்டைம்லாப்ஸ். அதன் இலவசப் பதிப்பில் ஒரு தொடருக்கு 400 படம்தான் எல்லை. அதைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இடைவெளியை 12 விநாடியாக வைத்து 375 படத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கையால் மாற்றத் தயக்கமாக இருந்தால் அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் (ஷட்டரைக் கேமராவே மாற்றும் மோடு) விடலாம். ஆனால் எதிரே வரும் பேருந்தின் ஹெட்லைட் பட்டதும் கேமரா ஏமாந்து ஒரு படத்தை இருட்டாக்கும். முதல்முறை எடுப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: கேமராவை நகர்த்தாமல் மாலை 5 மணிக்கு ஒரு தொடர், 7 மணிக்கு ஒரு தொடர், இரண்டும் மேனுவலில். எடிட்டில் இரண்டு விநாடி டிசால்வ் (ஒன்று மங்க மற்றொன்று தெளிவது). பார்ப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வித்தியாசம் தெரியாது.

வழக்கமான கோளாறுகள்

மேனுவலில் எடுத்தும் பகல் ஷாட் மினுமினுக்கிறது: லென்ஸின் அப்பர்ச்சர் தகடுகள் ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கும்போது மயிரிழை வித்தியாசம் வருகிறது. லென்ஸை முழுதாகத் திறந்து, அதாவது எஃப் 3.5, 4 என்று வைத்து, என்டியைக் கூட்டினால் தகடு அசையவே அசையாது. அப்பர்ச்சர் வளையத்தைக் கையால் திருப்பும் பழைய லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

இரவில் கடைப் பலகைகளும் விளக்குகளும் மட்டும் துடிக்கின்றன: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/200, 1/500 என்றிருந்தால் அந்தத் துடிப்பு படத்தில் விழும். 1/50-க்கும் மெதுவாக வைத்தால் போய்விடும். மிரர்லெஸ்ஸில் எலக்ட்ரானிக் ஷட்டர் பட்டை பட்டையாகக் காட்டினால் மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

நேப்பியர் பாலம் போன்ற நிறம் மாறும் விளக்கலங்காரம் வேறு சிக்கல். சில விநாடிக்கு ஒருமுறை நிறம் மாறுவது, டைம்லாப்ஸில் விநாடிக்குப் பலமுறை மாறி டிஸ்கோ ஆகிவிடும். விளக்கு ஒரே நிறத்தில் நிற்கும் நேரத்தைக் காத்திருந்து பிடியுங்கள், இல்லையென்றால் பாலம் சிறிதாகத் தெரியும் தூரத்துக்குப் போய்விடுங்கள்.

இடையில் படம் விடுபட்டு ஓட்டம் குதிக்கிறது: ஷட்டர் நேரமும் எழுதும் நேரமும் சேர்ந்து இடைவெளியைத் தாண்டுகிறது. வேகமான கார்டு போடுங்கள், அல்லது ரா-வோடு சேர்த்து ஜேபெக்கும் எடுப்பதை நிறுத்துங்கள்.

கடற்கரையில் போகப்போகப் படம் மங்குகிறது: உப்புக்காற்று கண்ணாடியில் படிகிறது. லென்ஸ் ஹூட் போடுங்கள். ஒரு தொடர் முடிந்ததும் ஈரத்துணியால் ஒற்றித் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் கோடு போடும்.

போன் மட்டும் இருந்தால்

ஐபோனின் டைம்லாப்ஸ் மோடு, எடுக்கும் நேரம் கூடக்கூட இடைவெளியைத் தானே இரட்டிப்பாக்கும். 20 நிமிடம் எடுத்தாலும் ஒரு மணி எடுத்தாலும் கையில் வருவது 20 முதல் 40 விநாடிக் காணொளிதான். வேகம் உங்கள் கையில் இல்லை. திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப்பில் இடைவெளி வைத்துத் தொடர்ந்து படம் எடுக்கலாம். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், அழைப்பு வந்தால் தொடர் அறுந்துவிடும். மே மாத வெயிலில் போன் சூடேறி அணைந்துவிடும். அட்டை ஒன்றால் அதன் முதுகுக்கு நிழல் கொடுங்கள்.

எடிட்டில்

கார்டை அழிப்பதற்கு முன் இரண்டு இடத்தில் நகல். ரா ஃபைல்களில் முதல் படத்தைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை எல்லாவற்றுக்கும் ஒட்டுங்கள். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் இல்லாவிட்டால் இலவசமான டார்க்டேபிள் போதும். உயர்தர ஜேபெக்காக எண் வரிசையில் ஒரே ஃபோல்டரில் ஏற்றுமதி செய்யுங்கள்.

டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் ப்ராஜெக்ட் ஃப்ரேம் ரேட்டை முதலில் வைத்துவிட்டுப் பிறகு ஃபோல்டரை இழுங்கள், பின்னால் மாற்றவிடாது. வரிசை எண் தொடர்ந்திருந்தால் முழுத் தொடரும் ஒரே கிளிப்பாக வரும். எண் எங்காவது விட்டுப்போனால் இரண்டாக உடையும். கேமராவின் எண் 9999-ஐத் தாண்டி 0001-க்குத் திரும்பும் இடத்திலும் இதே கதைதான். ஏற்றுமதியின்போது எல்லாவற்றுக்கும் புதிதாக எண் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

6000 பிக்சல் அகலம் இருப்பதால் 4கே படத்தில்கூட மெதுவான ஜூம் கொடுக்க இடம் உண்டு. எட்டு விநாடியில் பத்துப் பதினைந்து சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். என்டி இல்லாமல் எடுத்து வண்டிகள் தாவினால், 1 விநாடி இடைவெளியில் எடுத்த படங்களை இரண்டிரண்டாகக் கலந்து பாருங்கள், ஓரளவு மழுங்கும்.

டைம்லாப்ஸுக்கு ஒலி கிடையாது என்பது எடிட் மேசையில்தான் பலருக்கு உறைக்கிறது. இடத்தில் இருக்கும்போதே, கேமராவிலிருந்து தள்ளி நின்று, போனில் மூன்று நிமிடம் சுற்றுப்புற ஒலியைப் பதிவுசெய்யுங்கள்: ஹாரன், காக்கை, தூரத்துக் கோயில் ஸ்பீக்கர், அலை. பகல் இரவாகும் ஷாட் என்றால் தொடக்கத்தில் ஒன்று, இருட்டியபின் ஒன்று. ஒலியை வேகப்படுத்தாதீர்கள், சாதாரண வேகத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மாற்றிப் படத்தின் அடியில் வையுங்கள்.